தொலைநோக்கி வழியே சூரிய கிரகணத்தைப் படமெடுத்தல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

முழுச் சூரிய கிரகணத்தின் பாதை 2026 ஆகஸ்ட் 12 அன்று கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, ஸ்பெயின் வழியாகவும், 2027 ஆகஸ்ட் 2 அன்று தெற்கு ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா, அரேபியத் தீபகற்பம் வழியாகவும் செல்கிறது. இவற்றைப் படமெடுக்க ஆயத்தமாகும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: என் தொலைநோக்கியுடன் கண்ணருகு வில்லையில் திருகிப் பொருத்தும் சிறிய கறுப்புக் கண்ணாடி ஒன்று வந்தது. சூரியனுக்கு அதுவே போதுமா?

போதாது. அதை எந்தக் காரணத்துக்காகவும் பயன்படுத்தாதீர்கள். தொலைநோக்கி திரட்டிய ஒளி முழுவதும் குவிகிற இடத்துக்கு அருகில் அந்தக் கண்ணாடி அமர்வதால், அது சூடேறி எந்த நொடியிலும் வெடிக்கக்கூடும். அந்த ஒரு நொடி பார்வையை நிரந்தரமாகப் பறித்துவிடும். சூரிய ஒளியைக் குறைக்கும் வடிகட்டி எப்போதும் குழாயின் முன்வாயில், அதாவது ஒளி உள்ளே நுழையும் இடத்திலேயே இருக்க வேண்டும். காற்றில் கழன்று விழாதபடி அதை ஒட்டுநாடாவால் பிணையுங்கள். கிரகணக் கண்ணாடியை அணிந்துகொண்டு வடிகட்டி இல்லாத தொலைநோக்கியில் பார்ப்பதும் இதே அளவுக்கு ஆபத்தானது. பெரிய குழாயின் மீது பூட்டியிருக்கும் சிறிய தேடுநோக்கியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதற்கும் வடிகட்டி பொருத்துங்கள், இல்லையேல் கழற்றி வைத்துவிடுங்கள்.

கேள்வி: வடிகட்டித் தாள் 5.0, 3.8 என இரண்டு அடர்த்திகளில் கிடைக்கிறது. எது வேண்டும்?

5.0 அடர்த்தி ஒளியில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விடுகிறது. கண்ணால் பார்க்கவும் படமெடுக்கவும் ஏற்றது. 3.8 ஏறத்தாழ ஆறாயிரத்தில் ஒரு பங்கை விடுவதால், கேமராவுக்கு மட்டுமே உரியது, கண்ணுக்கு ஆகாது. பலர் கூடியிருக்கும் இடத்தில் யாராவது ஒருவர் கண்ணை வைத்துப் பார்க்க ஆசைப்படுவார் என்பதால், நான் 5.0 அடர்த்தியையே பரிந்துரைக்கிறேன்.

கேள்வி: 1500 மி.மீ. குவியத் தொலைவுள்ள தொலைநோக்கி என்னிடம் உள்ளது. பெரிதாகத் தெரிவதுதானே நல்லது?

பகுதி கிரகணத்துக்கும் சூரியப் புள்ளிகளுக்கும் நல்லது, முழு கிரகணத்தின்போது சூரியனைச் சுற்றித் தெரியும் ஒளிவட்டமான கொரோனாவுக்கு நல்லதல்ல. குவியத் தொலைவை 109ஆல் வகுத்தால், சென்சாரின் மேல் சூரியன் விழும் அளவு கிடைக்கும். உங்கள் தொலைநோக்கியில் அது ஏறத்தாழ 14 மி.மீ. முழுச்சட்டக (ஃபுல் ஃபிரேம்) சென்சாரின் உயரம் 24 மி.மீ. என்பதால் சூரிய வட்டு தாராளமாக அடங்கும். ஆனால் கொரோனாவின் நீண்ட கதிர்கள் வட்டின் விட்டத்தைப் போல் பல மடங்கு விரியக்கூடியவை. அவை சட்டத்தின் விளிம்பில் வெட்டுப்பட்டுவிடும். சட்டத்தின் உயரத்தில் நான்கு சூரியன்கள் அடங்க வேண்டும் என்று கணக்கிட்டால், முழுச்சட்டகத்துக்கு 650 மி.மீ., அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாருக்கு 400 மி.மீ. அளவே பொருந்தும். எனவே இந்த வேலைக்குப் பெரிய ஆடித் தொலைநோக்கியைவிட 60 முதல் 80 மி.மீ. விட்டமுள்ள சிறிய வில்லைத் தொலைநோக்கியையே நான் தேர்ந்தெடுப்பேன். உங்களிடம் உள்ளதையே கொண்டுசெல்வதானால், குவியத் தொலைவைக் குறைக்கும் வில்லையைச் சேர்த்துப் பாருங்கள், அல்லது விளிம்பில் எழும் சூரியச் சுடர்களுக்கும் நிலவின் பள்ளங்கள் வழியே ஒளிப்புள்ளிகளாகத் தெரியும் பெய்லி மணிகளுக்கும் மட்டும் அதை ஒதுக்குங்கள். சட்டத்துக்குள் எவ்வளவு அடங்கும் என்பதைச் சோதிக்க முழுநிலவே போதும். வானில் அதன் தோற்ற அளவும் சூரியனுடையதும் ஏறத்தாழ ஒன்றே.

கேள்வி: பகலில் துருவ விண்மீன் தெரியாதே, வானின் நகர்வைப் பின்தொடர்ந்து தொலைநோக்கியைத் திருப்பும் தாங்கியை எவ்வாறு சீரமைப்பது?

முந்தைய இரவே அந்த இடத்தில் இருக்க முடிந்தால், இரவில் சீரமைத்துவிட்டு முக்காலியின் கால்கள் நிற்கும் இடங்களைத் தரையில் குறித்துக்கொள்வதே சிறந்தது. அது இயலாதபோது, தாங்கியின் அச்சைச் சமமட்டக் கருவியின் துணையோடு அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமமான கோணத்தில் உயர்த்தி, திசைகாட்டியில் காந்த விலக்கத்தை, அதாவது காந்த வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் உள்ள வேறுபாட்டைத் திருத்திக்கொண்டு, அச்சை உண்மையான வடக்கு நோக்கித் திருப்புங்கள். தெற்கு அரைக்கோளத்தில் இருப்பவர்கள் தெற்கு நோக்கித் திருப்ப வேண்டும். முக்காலியின் இரும்பு திசைகாட்டியின் முள்ளை இழுக்கும் என்பதால், சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். பின்தொடரும் வேகத்தைச் சூரியனுக்குரியதாக மாற்றியபின், சூரியன் பத்து நிமிடம் சட்டத்தின் நடுவிலேயே நின்றால் அந்தத் துல்லியம் போதுமானது.

சூரியன் எந்த உயரத்தில் இருக்கும் என்பதையும் முன்கூட்டியே பாருங்கள். 2027 கிரகணம் உச்சமடையும் லக்சார் பகுதியில் சூரியன் ஏறத்தாழ 82 பாகை உயரத்தில் நிற்கும். அந்த நிலையில் கேமரா முக்காலியின் காலில் இடிக்கக்கூடும். 2026இல் ஸ்பெயினில் நிலைமை நேர்மாறானது. அங்கே சூரியன் அடிவானத்தை ஒட்டியிருப்பதால், மேற்கில் மலையோ மரமோ மறைக்காத இடம் தேவை.

கேள்வி: ஃபோகஸ் எதை வைத்துச் செய்வது?

சூரியப் புள்ளி இருந்தால் அதையும், இல்லையென்றால் சூரியனின் விளிம்பையும் கேமராத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கிச் சரிசெய்யுங்கள். கிரகணம் முற்ற முற்ற வெப்பம் குறைந்து குழாய் சுருங்குவதால், காலையில் சரியாக இருந்த ஃபோகஸ் பின்னர் விலகிவிடும். முழுமைக்கு, அதாவது நிலவு சூரியனை முழுவதும் மறைக்கும் கட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்பு பிறையின் கூர்முனைகளைக் கொண்டு மீண்டும் சரிபார்த்துத் திருகைப் பூட்டுங்கள்.

கேள்வி: முழுமையின்போது எக்ஸ்போஷரை எப்படி அமைப்பது? வடிகட்டியை எப்போது எடுப்பது?

1851 ஜூலை 28 அன்று பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் வானாய்வகத்தில் பெர்கோவ்ஸ்கி என்பவர் கொரோனாவை முதன்முதலாகச் சரியான ஒளியளவில் பதிவு செய்தபோது, ஒரே டாகெரோவகை (வெள்ளி பூசிய பழங்கால ஒளிப்பட) தகட்டுக்கு 84 நொடி ஒளி கொடுத்தார். இன்று நமக்கு ஒரே படம் போதாது. கொரோனாவின் உட்பகுதி வெளிப்பகுதியைவிடப் பன்மடங்கு பிரகாசமானது. ஒரே எக்ஸ்போஷரில் இரண்டையும் பிடிக்க முடியாது என்பதால், படிப்படியாக நீளும் எக்ஸ்போஷர்களின் தொடரை எடுத்துப் பின்னர் இணைக்க வேண்டும்.

எஃப்/8, ஐஎஸ்ஓ 100 என வைத்துக்கொண்டால், 5.0 வடிகட்டியுடன் பகுதிக் கட்டத்துக்கு 1/400 நொடி தொடக்கமாக அமையும். வடிகட்டி இல்லாமல் பெய்லி மணிகளுக்கு 1/3200, சூரியச் சுடர்களுக்கு 1/800, கொரோனாவின் உள்விளிம்புக்கு 1/200, விளிம்பிலிருந்து சூரியனின் அரை ஆரத் தொலைவுக்கு 1/13, ஓர் ஆரத் தொலைவுக்கு 1/3, அதற்கும் அப்பால் ஒரு நொடி வரை வேண்டும். கேமரா சுருக்காமல் தரும் ரா (RAW) கோப்பாகப் பதியுங்கள். தானியங்கி ஐஎஸ்ஓ, தானியங்கி ஃபோகஸ், நீண்ட எக்ஸ்போஷருக்கான இரைச்சல் நீக்கம் ஆகியவற்றை அணைத்துவிடுங்கள். குறிப்பாகக் கடைசியாகச் சொன்னது ஒவ்வொரு நீண்ட படத்துக்கும் அதே அளவு நேரத்தை மீண்டும் விழுங்கும்.

வடிகட்டியை முழுமைக்கு ஏறத்தாழ 20 நொடி இருக்கும்போது எடுத்தால் வைர மோதிரம், அதாவது கடைசி ஒளிப்பொட்டு மோதிரக் கல்லைப் போல் மின்னும் காட்சி கிடைக்கும். அந்த நொடிகளில் கேமராவின் ஒளியியல் காட்சித்துளையில் கண்ணை வைக்கவே கூடாது. திரையை மட்டும் பாருங்கள். மூன்றாம் தொடுகையின் (முழுமை முடியும் கணத்தின்) வைர மோதிரம் முடிந்ததும் வடிகட்டி உடனே திரும்பி வர வேண்டும். எடுப்பது, தொடரை இயக்குவது, மாட்டுவது என்ற வரிசையை இருட்டில் கை தானாகச் செய்யும் வரை பழகுங்கள். முழுமையின் நடுவே அமைப்புகளை மாற்ற வேண்டிய திட்டம் எதையும் நான் ஏற்பதில்லை. தொடரைக் கணினியிடமோ பல எக்ஸ்போஷர்களைத் தானாக எடுக்கும் கேமராவின் பிராக்கெட் வசதியிடமோ ஒப்படைத்துவிட்டுத் தலையை உயர்த்தி வானத்தைப் பாருங்கள். கொரோனாவைக் கண்ணால் காண்பதற்கு எந்தப் படமும் ஈடாகாது.

கேள்வி: வளைய கிரகணத்துக்கும் இதே முறைதானா?

இல்லை. வளைய கிரகணத்தில் சூரிய வட்டின் ஒரு பகுதி எப்போதும் வெளியே தெரிவதால், தொடக்கம் முதல் முடிவு வரை வடிகட்டி கழற்றப்படவே கூடாது. எக்ஸ்போஷரும் பகுதிக் கட்டத்துக்குரியதாகவே நீடிக்கும். மெல்லிய மேகம் கடந்தால் மட்டும் ஓரிரு படிகள் கூட்டிக்கொள்ளுங்கள்.