லா வீ எ பெல்லா, கிளவுடா, குட் கேர்ளா?

கேள்வி: ஸ்வீட்டான, பழ வாசனை வரும் லேடீஸ் பெர்ஃப்யூமில் எது நல்லது? லா வீ எ பெல், அரியானா கிராண்டே கிளவுட், குட் கேர்ள் மூன்றில் ஒன்று வாங்க வேண்டும். தினமும் பஸ்ஸில் கும்பகோணம் போய் வேலை பார்க்கிறேன்.

தினமும் பஸ் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதைப் படித்துத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்ணாக இருப்பீர்கள், சொந்தச் சம்பளத்தில் முதல் நல்ல சென்ட். வீட்டில் "இந்தக் காசை நகைக்குப் போடலாமே" என்று ஒரு குரல் கேட்டுக்கொண்டிருக்கும். இல்லையென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

நான் சென்ட் நிபுணர் இல்லை. மன்னார்குடியில் 22 வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். "தையல்காரிக்கு லா வீ எ பெல் செய்யும் லான்கோம் கம்பெனி பற்றி என்ன தெரியும்" என்று கேட்பவர்கள் கீழே போய் வேறு பதிலைப் படிக்கலாம். கடையில் அட்டையில் அடித்து முகர்ந்து பார்ப்பவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். போட்டு, வியர்த்து, கழற்றி, கவரில் சுருட்டி வைத்து நாலு நாள் ஆன பிறகு ஒரு சென்ட் என்னவாக மிஞ்சுகிறது என்பதுதான் அது. அளவு ஜாக்கெட் என்று என்னிடம் வருவதெல்லாம் அந்த நிலையில்தான் வரும்.

எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பார்கள். ஒரு காலத்தில் அவர்கள் கொண்டுவருவது ஒரே மாதிரி சென்ட், தெருவில் யார் வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று வாசலிலேயே தெரியும். இப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வாசனை. அளவு ஜாக்கெட்டைப் பிரித்ததும் "அக்கா, இது எந்த சென்ட்?" என்று கேட்பேன். பெருமையாகச் சொல்வார்கள். சிலர் அடுத்த முறை பாட்டிலையே கொண்டுவந்து கையில் ஒரு அடி அடித்துவிட்டுப் போவார்கள். இப்படித்தான் நான் படித்தேன்.

இதில் கண்ட முதல் பாடம்: பழம் தங்காது. லா வீ எ பெல்லில் பேரிக்காயும் கருந்திராட்சை மாதிரி ஒரு பழமும் சேர்த்திருப்பதாகச் சொல்கிறார்கள். அடித்தவுடன் இருக்கிறது, சரி. நாலு நாள் கழித்து என் கைக்கு வரும் ஜாக்கெட்டில் பேரிக்காயும் இல்லை, திராட்சையும் இல்லை. கடலை மிட்டாய்க்குப் பாகு காய்ச்சிய பாத்திரம் மாதிரி ஒரு வாசனை, அதற்கடியில் பச்சௌலி என்ற இலையின் மண்வாசனை, அவ்வளவுதான். என் மகள் வேதியியல் படித்தவள், அவள்தான் விளக்கினாள். பழ வாசனை தரும் மூலக்கூறுகள் பெரும்பாலும் லேசானவை, முதல் கால் மணி, அரை மணியில் பறந்துவிடும். வெனிலா, பச்சௌலி, பாகு மாதிரி கனமானவை துணியைப் பிடித்துக்கொள்ளும். வெயிலில் பறப்பது இன்னும் வேகம். ஆப்பிளையோ பேரிக்காயையோ பிழிந்து சென்ட் எடுக்க முடியாதாம், அதெல்லாம் ஆய்வகத்தில் செய்வது. பீச் பழ வாசனைக்கு ஒரு பொருள் இருக்கிறது, அதைப் போட்டுத்தான் 1919இல் கெர்லான் கம்பெனி மிட்சுகோ என்று ஒரு சென்ட்டைக் கொண்டுவந்தது. அதாவது நூறு வருடத்துக்கு முன்பே இந்தப் பழக்கடை ஆரம்பித்துவிட்டது.

இனிப்பு வந்தது அதற்கு ரொம்பப் பின்னால். 1992இல் முக்ளர் கம்பெனியின் ஏஞ்சல் என்ற சென்ட். எத்தில் மால்ட்டால் என்ற பொருளை அதில் அள்ளிப் போட்டார்கள். பஞ்சு மிட்டாய் வண்டி பக்கத்தில் நின்றால் வரும் வாசனை அதுதான். கூடவே பச்சௌலியும் தாராளமாக. (பச்சௌலி என்ற பேரே நம் தமிழிலிருந்து போனது என்பார்கள்.) நட்சத்திர பாட்டிலில் வரும் அந்த ஏஞ்சலை ஒரு அம்மா அடிப்பார். அவருடைய ஜாக்கெட்டைப் பிரித்துத் தைத்துக் கொடுத்த பிறகும் என் மேசையில் இரண்டு நாள் அது இருக்கும். மூன்று தடவை துவைத்தும் போகவில்லை என்று அவரே சொன்னார். இன்றைக்கு வரும் இனிப்பு சென்ட் அத்தனைக்கும் அதுதான் பாட்டி.

சரி, உங்கள் மூன்றுக்கு வருகிறேன். வருவதற்கு முன் என் கதை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் லா வீ எ பெல்லைப் பற்றி நேர்மையாக எழுத என்னால் முடியாது.

ஒரு சிங்கப்பூர் வீட்டு அக்கா என் நிரந்தர வாடிக்கை. பேர் சொல்ல மாட்டேன். அவர் ஜாக்கெட்டிலிருந்துதான் லா வீ எ பெல் எனக்கு அறிமுகம். மிஷினில் குனிந்து கொக்கி வைக்கும்போதெல்லாம் அந்த வாசனை. எனக்கும் அது வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அப்போது லைனிங் ஜாக்கெட் கூலி 350 ரூபாய். திருச்சியில் ஒரு பெரிய கடையில் 30 மில்லி பாட்டில் 5,000 ரூபாய்க்கு மேல். 15 ஜாக்கெட். கடைக்காரப் பையன் என் கைப்பையைப் பார்த்துவிட்டு, "பாடி மிஸ்ட் அந்தப் பக்கம் இருக்கும்மா" என்றான். நான் இதுதான் வேண்டும் என்று விரலால் காட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்காரரிடம் பாதி விலைதான் சொன்னேன். அதற்கே அவர் ஒருநாள் பேசவில்லை.

அந்த வருடம் பங்குனித் திருவிழா. எங்கள் ஊர் ராஜகோபாலசுவாமி கோயில் வெண்ணெய்த்தாழி தெரிந்திருக்கும். சுவாமி தவழும் கிருஷ்ணனாக வெண்ணெய்க் குடத்தோடு பல்லக்கில் வருவார், ஜனங்கள் வெண்ணெயை வாங்கி அவர் மேல் எறிவார்கள். பங்குனி வெயில், தோளோடு தோள் கூட்டம், தரையெல்லாம் வெண்ணெய். நான் புது மயில் கழுத்து நிறப் புடவை, தலையில் ஒரு முழம் மல்லி, இருப்பது போதாதென்று லா வீ எ பெல் நாலு அடி. நாலு! அரை மணி நேரத்தில் என்னிடமிருந்து வந்த வாசனையை எப்படிச் சொல்வது? மல்லி ஒரு பக்கம், உருகிய வெண்ணெய் ஒரு பக்கம், நடுவில் பாகு. நெய் மைசூர்பாகு கிண்டும் அடுப்படியில் யாரோ பூக்கூடையைக் கவிழ்த்த மாதிரி. பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி, "ஏண்டி, மடியில பலகாரம் கட்டிக்கிட்டு வந்திருக்கியா?" என்று கேட்டார். அதற்கு நானே சிரித்துவிட்டேன்.

சிரிக்க முடியாதது அடுத்து நடந்தது. அந்தச் சிங்கப்பூர் வீட்டு அக்கா கூட்டத்தில் எனக்கு முன்னால்தான் நின்றிருக்கிறார். திரும்பி, மூக்கை உறிஞ்சி, நாலு பேர் கேட்க, "என்ன, என் சென்ட் வாசனை உங்கிட்ட வருது? ரெண்டு வாரமா என் பாட்டிலக் காணோம். ஜாக்கெட் குடுத்த கட்டப்பையில விழுந்திருச்சோ?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்கு வாயே வரவில்லை. பில் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் வீட்டுக்காரருக்கு விலை தெரிந்துவிடும், அவர் பின்னால்தான் நிற்கிறார். "இல்லக்கா" என்று மட்டும் சொன்னேன். அந்த "இல்லக்கா"வை நினைத்து எத்தனை ராத்திரி தூங்காமல் இருந்திருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும்.

அவர் பாட்டில் பீரோவில் மகள் துணிக்கடியில் கிடைத்ததாம், அதையும் இன்னொரு வாடிக்கை சொல்லித்தான் தெரியும். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. இப்போதும் என்னிடம்தான் தைக்கிறார். அவருக்கு மட்டும் ஒரு ஜாக்கெட்டுக்கு 30 ரூபாய் கூட வாங்குகிறேன். இதைப் படித்தால் படிக்கட்டும்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் கொட்டிவிடுகிறேன். 5,000 ரூபாய் சென்ட் வாங்குபவர்கள் தையல் கூலியில் 20 ரூபாய் குறைக்கச் சொல்வது ஏன்? சென்ட் கடையில் பேரம் பேசினீர்களா? தீபாவளிக்கு முதல் நாள் துணியைக் கொடுத்து, போனில் முதுகு டிசைன் படம் பத்து அனுப்பி, ராத்திரி எட்டு மணிக்கு வந்து நிற்பது. கொடுக்கிற அளவு ஜாக்கெட்டையாவது துவைத்துக் கொடுங்கள். சென்ட் அடித்திருப்பதால் துவைக்க வேண்டாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். வியர்வையும் வெனிலாவும் நாலு நாள் சேர்ந்து ஊறினால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு எழுத்தில் சொல்ல முடியாது. எல்லோரையும் சொல்லவில்லை. உடனே சண்டைக்கு வர வேண்டாம்.

இப்போது பதில்.

லா வீ எ பெல் 2012இல் வந்தது, பேருக்கு அர்த்தம் வாழ்க்கை அழகானது. கெட்ட சென்ட் என்று நான் சொல்ல மாட்டேன், இன்றும் என்னிடம் பாட்டில் இருக்கிறது. ஐரிஸ் என்ற பூச்செடியின் கிழங்கிலிருந்து வரும் பவுடர் வாசனை ஒன்று உள்ளே இருக்கும், அதுதான் அதைப் பலகாரமாகாமல் காப்பாற்றுகிறது. ஆனால் அது கார்த்திகை, மார்கழிக்கு. மழை விட்ட சாயங்காலம் மணிக்கட்டில் ஒரு அடி அடித்தால் சொர்க்கம். சித்திரையில் பஸ்ஸில் அடித்துக்கொண்டு போனால் பக்கத்து சீட்டுக்காரர் வலங்கைமானிலேயே இறங்கிவிடுவார்.

குட் கேர்ள் 2016. ஹைஹீல்ஸ் செருப்பு மாதிரி பாட்டில், அலமாரியில் வைத்தால் நேராக நிற்குமா என்று பயமாக இருக்கும். பாதாம், காபி, கோகோ எல்லாம் இருக்கிறது, ஆனால் நடுவில் இருப்பது நம் சம்பங்கியும் மல்லியும். கல்யாண மாலையில் கட்டும் அதே சம்பங்கிதான். அதனால் நம் மூக்குக்கு இது அந்நியமாகப் படாது. உண்மையில் தமிழ்நாட்டு மல்லியிலிருந்து எடுக்கும் சாறு வெளிநாட்டு சென்ட் கம்பெனிகளுக்குப் போகிறது. நம் பூ அங்கே போய், கோகோவோடு சேர்ந்து, செருப்பில் ஏறித் திரும்பி வருகிறது என்று நினைத்துக்கொள்வேன். இதில் ஒரு விஷயம்: இதை அடித்தால் தலையில் பூ வைக்காதீர்கள். இரண்டில் ஒன்றுதான். தஞ்சாவூர்க் கதம்பம் என்றால் மரிக்கொழுந்து வாசனை இருக்கிறது, இரண்டும் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும். கல்யாண ரிசப்ஷன், ஏசி மண்டபம், பூ இல்லாத கொண்டை, அங்கே இதை மிஞ்ச ஆளில்லை. பழ வாசனை எதிர்பார்த்து மட்டும் வாங்காதீர்கள், பழம் இதில் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கிளவுட் 2018. பேரிக்காய், லாவெண்டர், தேங்காய், அடித்த கிரீம் என்கிறார்கள். எனக்கு அது தேங்காய்ப்பாலில் சர்க்கரை போட்டுக் கொதிக்கும் வாசனை. பக்கரா ரூஜ் 540 என்று ஒரு கொள்ளை விலை சென்ட் இருக்கிறது, அது மாதிரியே இருக்கிறது என்று நிறையப் பேர் சொல்வார்கள். நான் அதை முகர்ந்ததில்லை, அந்த விலைக்கு முகரவும் போவதில்லை. கிளவுட் மற்ற இரண்டையும்விட விலை ரொம்பக் குறைவு, ஜாக்கெட்டில் நாலு நாள் கழித்தும் கசப்பாக மாறாத ஒன்றாகவும் இதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மூன்றில் எனக்குப் பஸ்ஸுக்குத் தோன்றுவது இதுதான். ஒரே ஒரு அடி, முழங்கை மடிப்பில்.

பட்டியலுக்கு வெளியே போகலாம் என்றால் வெர்சாச்சே பிரைட் கிரிஸ்டல். 2006இல் வந்தது. மாதுளையும் எலுமிச்சை இனத்தில் ஒரு ஜப்பான் பழமும், சர்க்கரை அதிகம் கிடையாது. நாலு மணி நேரத்துக்கு மேல் நிற்காது என்று குறை சொல்வார்கள். பஸ்ஸில் போகிறவருக்கு அது குறையே இல்லை. பிளாக் ஓபியம் என்று ஒரு சென்ட் சொல்வார்கள், அது வேண்டாம். காபியும் வெனிலாவும். கும்பகோணத்தில் வேலை பார்த்துக்கொண்டு காபி வாசனைக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பானேன்? பிரிட்னி ஸ்பியர்ஸ் ஃபேன்டஸி லிச்சி, கிவி, கேக் எல்லாம் கலந்த பேக்கரி, என் மகள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஒரு பாட்டில் முடித்தாள்.

பாம்ஷெல் பற்றி ஒன்று, சிரிக்காதீர்கள். விக்டோரியாஸ் சீக்ரெட் கம்பெனியின் பழ வாசனை சென்ட் அது. அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கொசு விரட்டிகளைச் சோதித்தபோது இதையும் சேர்த்துச் சோதித்தார்கள், இரண்டு மணி நேரம் வரை கொசுவை விலக்கியதாம், 2015இல் கட்டுரையே வந்தது. அடர்த்தியாகத் தடவித்தான் சோதித்தார்கள், அதனால் அதை நம்பிக் கொசுவத்தியைத் தூக்கிப் போட வேண்டாம். ஆனால் சம்பா நடவு சமயத்தில் ராத்திரி மிஷினில் உட்காரும்போது எனக்கு அந்த ஞாபகம் வரும்.

வாங்கும் முன் கையில் அடித்துக்கொண்டு கடையை விட்டு வெளியே வாருங்கள். வெயிலில் நடந்து ஒரு மணி நேரம் கழித்து முகருங்கள். முதல் நிமிடத்துப் பழத்தைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள், உங்களோடு பஸ்ஸில் வரப்போவது ஒரு மணிக்குப் பிறகு மிஞ்சுகிற பாகு. பட்டு ஜாக்கெட் மேல் நேராக அடிக்கவே அடிக்காதீர்கள், கறை பிடித்தால் எடுக்க வழியில்லை. அக்குள் பக்கம் நிறம் மாறி வந்த அரக்குப் பட்டு ஜாக்கெட் இரண்டு என் கடையில் இப்போதும் கிடக்கிறது. சொந்தக்காரர்கள் அது என் தவறு என்று சொல்லி வாங்காமல் போய்விட்டார்கள். பில்லையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். என் பில் இன்னும் மிஷின் டிராயரில், பாபின் டப்பாவுக்கடியில் இருக்கிறது.