வாயில் பள்ளம், பின்னால் குழிவு: அது என்ன குறடு?

வாயில் பள்ளமும் பின்னால் குழிவும் உள்ள கொல்லர் குறடு, அதாவது காய்ச்சிய இரும்பைப் பிடிக்கும் இடுக்கி, என்ன வகை என்று கேட்டிருந்தீர்கள். அது போல்ட்டுக் குறடு. முதுநகர் பழைய பட்டறையில் கிடைத்ததாகச் சொன்ன உங்கள் குறட்டில், வாய்க்குப் பின்னால் இருக்கும் முட்டை வடிவ இடைவெளி தேய்மானம் இல்லை, வேண்டுமென்றே வளைத்தது. போல்ட், பெரிய ஆணி போன்றவற்றின் தலை அந்தக் குழிவில் உட்காரும், தண்டை வாய் பிடிக்கும். தலை இடிக்காததால் பிடி நழுவாது.

சோதிக்க 10, 12, 16 மி.மீ. கம்பித் துண்டுகளை ஒவ்வொன்றாக வாயில் வையுங்கள். பள்ளம் முழு நீளத்துக்கும் கம்பியில் படிய வேண்டும். நுனி மட்டும் கவ்வினால் கம்பி சிறிது, அடி மட்டும் கவ்வினால் பெரிது. கைப்பிடிகளும் ஒரே கைக்குள் அடங்க வேண்டும். எந்த அளவு சரியாக உட்காருகிறதோ, குறடு அதற்குத்தான்.

ஒன்று மட்டும் கவனம். கொல்லர்கள் வேலைக்கு ஏற்ப வாயைக் காய்ச்சி மாற்றி அடிப்பார்கள். அதனால் இப்போதைய வடிவம் கடைசியாகச் செய்த வேலையைத்தான் காட்டும். படகு ஆணிக்கா, வண்டி போல்ட்டுக்கா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

குறட்டின் மூட்டு உப்புக்காற்றில் இறுகியிருந்தால் தட்டித் திறக்காதீர்கள், கைப்பிடி வளைந்துவிடும். ஒரு ராத்திரி மண்ணெண்ணெயில் ஊறட்டும்.