ஜாய் டிவிஷனின் முதல் ஆல்பம்: ஒலிப்பதிவு பற்றிய கேள்வி பதில்

ஜாய் டிவிஷன் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் ‘அன்னோன் பிளெஷர்ஸ்’ ஆல்பம் 1979 ஏப்ரலில், இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட் ஊரில் உள்ள ஸ்ட்ராபெரி ஸ்டூடியோவில் பதிவானது. தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட், ஒலிப்பதிவாளர் கிறிஸ் நேகல். ஜூனில் ஃபேக்டரி இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்டது. பதிவு, கருவிகள், மிக்ஸ் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். பாடல் வரிகளுக்கு விளக்கம் சொல்வது என் வேலை இல்லை.

ரவி: டிரம்ஸ் ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஜில்லென்று கேட்கிறதே, பெரிய ஹாலில் வைத்து வாசித்தார்களா? வீட்டில் அதைக் கொண்டுவர வழி உண்டா?

ஹால் காரணமில்லை. டிரம் செட்டை மொத்தமாக வாசித்தால் ஸ்நேர் (கூர்மையாக ஒலிக்கும் டிரம்) மைக்கில் ஹை-ஹாட்டும் (காலால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டு) சேர்ந்து விழும். அந்த ட்ராக்கில் டிலே (ஒலியைச் சற்றுத் தாமதித்துத் திரும்ப ஒலிக்க வைப்பது) போட்டால் ஹை-ஹாட்டுக்கும் எதிரொலி வந்து எல்லாம் குழம்பிவிடும். ஹானெட்டுக்கு ஸ்நேருக்கு மட்டும் ஒரு வால் வேண்டியிருந்தது. அதனால் சில பாடல்களில் டிரம்மர் ஸ்டீபன் மாரிஸை ஒவ்வொரு டிரம்மையும் தனியாக வாசிக்க வைத்தார். பிறகு டிஜிட்டல் டிலே. பர்ன்லியில் இயங்கிய ஏ.எம்.எஸ். நிறுவனத்தின் டி.எம்.எக்ஸ் 15-80 அப்போதுதான் வந்த புதுக் கருவி. அதை முதலில் எடுத்துக்கொண்டவர்களில் அவரும் ஒருவர்.

வீட்டில் செய்ய: முதலில் கிளிக்கோடு (தாளம் காட்டும் ‘டிக் டிக்’ ஒலி) முழு செட்டையும் ஒரு தடவை வாசித்துப் பதியுங்கள். இது வழிகாட்டி மட்டும், பின்னால் தூக்கி எறிந்துவிடலாம். அடுத்து அதைக் கேட்டுக்கொண்டே கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) மட்டும், பிறகு ஸ்நேர் மட்டும், பிறகு ஹை-ஹாட். வாசிக்காத டிரம்கள் மேல் தடித்த துண்டை மடித்துப் போட்டு, கை கால் வழக்கம்போல அசையட்டும். கையைக் கட்டிக்கொண்டு ஸ்நேரை மட்டும் அடித்தால் தாளம் மரக்கட்டை ஆகிவிடும். வெறும் கிளிக்கை நம்பி வாசித்தால் கிக்கும் ஹாட்டும் 15 மில்லிசெகண்ட் விலகி ‘தடக்’ என்று இரட்டையாகக் கேட்கும். வழிகாட்டி ட்ராக் அதற்காகத்தான்.

இனி டிலே. நான் சொல்வது ஹானெட் வைத்த எண்கள் இல்லை, வீட்டில் வேலை செய்யும் எண்கள். ஸ்நேரைத் தனி சானலுக்கு அனுப்பி, 25 முதல் 40 மில்லிசெகண்ட், ஃபீட்பேக் (எதிரொலி திரும்பத் திரும்ப வரும் அளவு) 15 சதவீதத்துக்குள், 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, மூல ஒலியைவிட 8 டெசிபல் தாழ்த்தி வையுங்கள். 10 மில்லிசெகண்டுக்குக் கீழே போனால் குழாய்க்குள் தட்டின மாதிரி இருக்கும். 60-ஐத் தாண்டினால் இரண்டு அடியாகப் பிரிந்துவிடும். ரிவெர்பை (அறை முழக்கம் சேர்ப்பது) தொடாதீர்கள்.

மீனா: ஆர்.எம்.எக்ஸ் 16 ப்ளகின் வாங்கினேன். இந்த ஆல்பத்தின் ஸ்நேருக்கு எந்த ப்ரீசெட்?

எதுவும் இல்லை. அதுவும் ஏ.எம்.எஸ். கருவிதான், ரிவெர்புக்கானது, ஆனால் 1979-ல் அது சந்தைக்கே வரவில்லை. உங்களிடம் இருக்கும் சாதாரண டிலே போதும்.

அருண்: பாஸ் கிட்டார்தான் மெலடி வாசிக்கிறது. ட்யூனிங் மாற்றியிருக்கிறார்களா?

இல்லை, சாதாரண ட்யூனிங்தான். கிட்டாரிஸ்ட் பெர்னார்ட் சம்னரின் சத்தத்தில் தாழ்ந்த சுரங்கள் தனக்கே கேட்கவில்லை, மேலே வாசித்தால்தான் கேட்டது என்று பாஸ் வாசித்த பீட்டர் ஹுக் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். டி, ஜி கம்பிகளில் மேல் ஃப்ரெட்களில், பிக்கால், எப்போதும் கீழ்நோக்கி அடித்துப் பாருங்கள். புதுக் கம்பி போடுங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, 800 பக்கம் 3 டெசிபல் ஏற்றுங்கள். கிட்டார் அதே 800-ல் நின்றால் இரண்டும் முட்டிக்கொள்ளும். விலக வேண்டியது கிட்டார். ‘நியூ டான் ஃபேட்ஸ்’ கேளுங்கள்: பாஸ் இறங்குகிறது, கிட்டார் ஏறுகிறது.

விக்கி: ‘லவ் வில் டேர் அஸ் அபார்ட்’ எந்தப் பக்கம்?

இந்த ஆல்பத்தில் இல்லை. 1980-ல் வந்த சிங்கிள்.

குமரன்: மேடையில் இடி மாதிரி இருந்த குழுவை ஹானெட் ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டார். ஹுக்கும் சம்னருமே குறைப்பட்டார்கள்.

செந்தில்: அவர் இல்லையென்றால் இது இன்னொரு பங்க் தட்டாகத்தான் இருந்திருக்கும்.

இரண்டு பேரும் பாதிதான் சொல்கிறீர்கள். தீர்த்துக்கொள்ள வழி இருக்கிறது. 1979 ஜனவரி கடைசியில் இதே குழு பி.பி.சி-யில் ஜான் பீலின் வானொலி நிகழ்ச்சிக்கு நான்கு பாடல் பதிந்தது. ‘இன்சைட்’, ‘ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்’ இரண்டும் அதில் உண்டு. ஆல்பப் பதிவுக்குச் சுமார் இரண்டு மாதம் முந்தியவை. அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள். பாஸ் மெலடி அங்கேயே இருக்கிறது, இயந்திரம் மாதிரி சுழலும் டிரம் வரிசையும் இருக்கிறது. ஆகவே செந்தில், எலும்புக்கூடு குழுவுடையது. ஹானெட் செய்தது அதைச் சுற்றி இருந்ததைக் காலி செய்தது: கிட்டாரை மெலிய வைத்துப் பின்னுக்குத் தள்ளினார், ஒவ்வொரு அடிக்கும் நடுவில் இடம் விட்டார்.

குமரன், கிட்டார் விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் உண்டு. ‘இன்டர்சோன்’ கிட்டாரால் ஓடும் பாட்டு, ஆல்பத்தில் அது சோனியாக நிற்கிறது. ஆனால் ‘ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்’ அந்த வெறுமை இல்லாமல் இவ்வளவு பயமுறுத்தாது.

குமரன்: மேடைப் பதிவுதானே உண்மையான ஜாய் டிவிஷன்?

மேடை ஒரு வேலை, தட்டு வேறு வேலை. 2007 பதிப்பின் இரண்டாம் தட்டில் 1979 ஜூலை 13 மான்செஸ்டர் கச்சேரி இருக்கிறது. அதன் வேகம் எனக்கும் பிடிக்கும். அங்கே அறையின் முழக்கம் எல்லாவற்றையும் ஒட்டிவிடுகிறது. ஆல்பத்தில் ஒட்டாமல் நிற்பதுதான் அழகு. சம்னர், ஹுக்கின் குறையை நான் மதிக்கிறேன், அவர்கள் வாசித்தது வேறு சத்தம். அதற்காக ஹானெட் ‘கெடுத்தார்’ என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

செந்தில்: அப்போ சின்தசைசர்?

சம்னர் உதிரிபாகங்களாக (கிட்) வாங்கித் தானே கோர்த்த டிரான்ஸன்டென்ட் 2000. ‘ஐ ரிமெம்பர் நத்திங்’கில் தெளிவாகக் கேட்கும், கண்ணாடிப் பாட்டில் உடையும் சத்தத்தோடு.

தாமரை: ரிவெர்ப் எத்தனை செகண்ட் வைக்கலாம்?

மேலே ரவிக்குச் சொன்னதைப் படியுங்கள். முதலில் காய்ந்த (எதுவும் சேர்க்காத) ஒலி, அப்புறம் டிலே. ரிவெர்ப் தேவையென்றால் கடைசியில், ஒரே ஒரு கருவிக்கு.

ஜோசப்: ‘இன்சைட்’டில் குரல் ஏன் எங்கோ தூரத்தில் இருக்கிறது?

பாடகர் இயன் கர்ட்டிஸின் குரலைத் தொலைபேசி இணைப்பு வழியாகப் பதிந்தார்கள். தொலைபேசி ஏறக்குறைய 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். ஈக்யூவில் அந்த இரண்டு எல்லையிலும் செங்குத்தாக வெட்டுங்கள். பிறகு லேசாக டிஸ்டார்ஷன் (கரகரப்பு) சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் மூக்கடைத்த குரல் மாதிரிதான் வரும். ‘ச’, ‘ஸ’ காணாமல் போகும் என்பதால் பாடகர் சொற்களைத் திருத்தமாக உச்சரிக்கட்டும்.

நித்யா: அட்டையில் இருப்பது மலையா, இதயத்துடிப்பா?

பல்ஸார் (துடிப்பு விண்மீன்) சி.பி 1919-ன் ரேடியோ துடிப்புகள். மேற்கொண்டு வானியல் தெரிந்தவர்களைக் கேளுங்கள்.

பிரபு: ‘டிரான்ஸ்மிஷன்’ என் தட்டில் இல்லையே, பதிப்புக் கோளாறா?

கோளாறு இல்லை, அதுவும் தனி சிங்கிள். ஆல்பத்தில் பத்துப் பாட்டுதான். பாட்டுப் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள், தயவுசெய்து.

ஹரி: கர்ட்டிஸின் மரணம் இந்த ஒலியிலேயே தெரிகிறது, இல்லையா?

இல்லை. பதிவு 1979 ஏப்ரல், அவர் இறந்தது 1980 மே 18. ஒலியின் இருட்டு ஸ்டூடியோவில் திட்டமிட்டுச் செய்தது. ஒரு மனிதரின் துயரத்தை மிக்ஸில் தேடுவதை நான் செய்வதில்லை.

கவின்: ரவிக்குச் சொன்னபடி டிலே போட்டேன். ஸ்டீரியோவில் பிரமாதம், போனில் கேட்டால் ஸ்நேர் சப்பையாகிவிடுகிறது.

மூல ஒலியை இடது ஓரத்துக்கும் டிலேயை வலது ஓரத்துக்கும் தள்ளியிருப்பீர்கள். ஒற்றை ஸ்பீக்கரில் இரண்டும் சேரும்போது சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஸ்நேரை நடுவில் வையுங்கள், டிலேயை 30 சதவீதம் மட்டும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மிக்ஸை மோனோவில் போட்டு, டிலேயை 2 மில்லிசெகண்ட் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். எந்த எண்ணில் ஸ்நேரின் உடம்பு திரும்பி வருகிறதோ அதில் நிறுத்துங்கள்.