பழைய விண்டோஸ் 7-க்கு ரிமோட் டெஸ்க்டாப் சந்தா கட்டலாமா?

கேள்வி: என் தொழில் கணக்கெல்லாம் ஒரு பழைய கணக்கு மென்பொருளில் இருக்கிறது. அது விண்டோஸ் 7-ல் மட்டும்தான் ஓடுகிறது. வெளியில் இருக்கும்போது லேப்டாப்பிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரைத் திறக்க, ரிமோட் டெஸ்க்டாப் மென்பொருள் ஒன்றுக்கு ஆண்டுச் சந்தா கட்டலாம் என்றிருக்கிறேன். 'விண்டோஸ் 7-லும் இயங்கும்' என்று போட்டிருக்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். முதலில் எந்தப் பதிப்பு இயங்கும் என்று கேளுங்கள். பல நிறுவனங்கள் புதிய பதிப்பை விண்டோஸ் 10, 11-க்குத்தான் செய்கின்றன. 7-க்கு என்றோ நிறுத்திய பழைய பதிப்பு ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள். அதில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆளில்லை. லேப்டாப்பில் புதிய பதிப்பும் அங்கே பழையதும் இருந்தால் சில மென்பொருள்கள் இணையவே மறுக்கும். சந்தாவோ இரண்டுக்கும் ஒரே தொகைதான்.

சோதனைப் பதிப்பு கொடுத்தால், அதை அந்தப் பழைய கம்ப்யூட்டரிலேயே போட்டுப் பாருங்கள். ஒரு மென்பொருள் அசல்தான் என்று காட்டுவது அதன் டிஜிட்டல் கையொப்பம். அதன் புதிய முறையான எஸ்ஹெச்ஏ-2-க்காக 2019-ல் வந்த அப்டேட் ஏறாத விண்டோஸ் 7-ல், புதிய மென்பொருள்களின் கையொப்பத்தைச் சரிபார்ப்பதில் சிக்கல் வரலாம். நிறுவும்போதே முரண்டு பிடிக்கலாம். அதற்காக 'பழைய பதிப்பு இங்கே கிடைக்கும்' என்று அழைக்கும் ஏதோ ஒரு தளத்தில் போய் இறக்கிவிடாதீர்கள். உங்கள் கம்ப்யூட்டரை வெளியிலிருந்து இயக்கும் மென்பொருளை முகம் தெரியாதவரிடம் வாங்குவது, வீட்டுச் சாவியைத் தெருவில் போகிறவரிடம் செய்யச் சொல்வது மாதிரி. இலவசப் பதிப்பும் உங்களுக்கு ஒத்துவராது. அது பெரும்பாலும் சொந்த உபயோகத்துக்கு மட்டும். தொழிலுக்குப் பயன்படுத்துவதாகச் சந்தேகம் வந்தால் நடுவிலேயே துண்டித்துவிடும்.

சரி, விண்டோஸில் கூடவே வரும் ரிமோட் டெஸ்க்டாப் போதாதா என்று கேட்பீர்கள். ஹோம் பதிப்புகளில் வெளியிலிருந்து உள்ளே நுழையும் வசதியே கிடையாது. புரொஃபஷனல், அல்டிமேட் போன்றவற்றில்தான் உண்டு. இருந்தாலும், ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டை (ரிமோட் டெஸ்க்டாப் உள்ளே வரும் வாசல்) திறந்துவிட்டு அதைப் பயன்படுத்த வேண்டாம். 2019 மே மாதம் வெளியான 'புளூகீப்' ஓட்டை அந்த வசதியில்தான் இருந்தது. பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே நுழையலாம் என்பதால், 2014-லேயே கைவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அப்டேட் விட்டது. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-ல் முடிந்தது. காசு கட்டியவர்களுக்கான நீட்டிப்பும் 2023 ஜனவரியோடு சரி. அடுத்த ஓட்டைக்கு அப்படி ஒரு தயவு வரும் என்று எண்ணிக்கொண்டிருக்க முடியாது.

நான் சொல்லும் வழி வேறு. மைக்ரோசாஃப்ட்டே 'டிஸ்க்2விஹெச்டி' என்று ஒரு சிறு கருவியை இலவசமாகத் தருகிறது. பழைய ஹார்டு டிஸ்க்கை அப்படியே ஒரு கோப்பாக்கிவிடும். ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொன்றை ஓட்டிக்காட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் புதிய கம்ப்யூட்டரில் நிறுவி, அந்தக் கோப்பை அதில் ஓட்டினால், விண்டோஸ் 7 ஒரு ஜன்னலுக்குள் திறக்கும், உங்கள் கணக்குகளோடு. விர்ச்சுவல்பாக்ஸ் செட்டிங்ஸில் அந்த விண்டோஸ் 7-க்கான நெட்வொர்க்கை மட்டும் அணைத்துவிடுங்கள். அப்புறம் ரிமோட் மென்பொருளைப் புதிய கம்ப்யூட்டரில் போடுங்கள். இணையத்தைப் பார்ப்பது புதிய கம்ப்யூட்டர் மட்டும்தான். கணக்கு மென்பொருளுக்கு யூஎஸ்பி டாங்கிள் (உரிமத்துக்காகச் செருகும் சிறு குச்சி) இருந்தால் பெரும்பாலும் அதையும் உள்ளே இணைக்க முடியும். ஒரு சிக்கல்: கம்ப்யூட்டரோடு வந்த விண்டோஸின் உரிமம் அந்தக் கம்ப்யூட்டருக்குத்தான், இடம் மாறினால் மறுபடி ஆக்டிவேஷன் (உரிமத்தை உறுதிசெய்தல்) கேட்கலாம். அதனால் எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை பழைய பெட்டியை விற்றுவிடாதீர்கள்.

இதற்குப் பின்னும் சந்தா தேவைப்பட்டால், தானாகப் புதுப்பிக்கும் நிபந்தனை இருக்கிறதா, ரத்து செய்ய எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும் என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

கேள்வி: என்னுடையது விண்டோஸ் 10. எனக்கும் இதே கதிதானா?

பதில்: இன்னும் அவ்வளவு மோசமில்லை. பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்தால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. சேர்ந்துவிட்டு, ரிமோட் மென்பொருளை அப்போதைக்கப்போது புதுப்பித்து, இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் (பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்பது) போட்டுப் பயன்படுத்துங்கள். ஆனால் மூன்றாண்டுச் சந்தா தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று இந்தக் கம்ப்யூட்டரை நம்பி வாங்க வேண்டாம்.