கிரகண நிலா ஏன் வெள்ளைப் பொட்டாகவே வருகிறது?

கேள்வி: 2025 செப்டம்பர் 7 சந்திர கிரகணத்தை மொபைலில் எடுத்துப் பார்த்தேன். எல்லாப் படத்திலும் வெறும் வெள்ளைப் பொட்டுதான். கண்ணுக்குத் தெரிந்த சிவப்பு எங்கே போனது? (வாசகர், திருச்சி)

பதில்: மொபைலைத் திட்டாதீர்கள். வானமெல்லாம் கறுப்பு, நடுவில் துளியூண்டு வெளிச்சம் என்றால் அது கறுப்பைப் பார்த்துவிட்டு ‘இருட்டாக இருக்கிறதே’ என்று வெளிச்சத்தை ஏற்றிவிடும், நிலா வெளுத்துப் போகும். திரையில் நிலாவின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள், பக்கத்தில் வருகிற சூரியக் குறியை நிலாவின் கறைகள் தெரிகிறவரை கீழே இழுங்கள். இது நிலா பாதி மறைந்திருக்கும்போது சரி. முழுசாக நிழலுக்குள் போனபிறகு கதையே தலைகீழ், பௌர்ணமி வெளிச்சத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாமல் போகலாம், கையில் பிடித்து எடுக்கவே முடியாது. ஸ்டாண்டில் வைத்து, ப்ரோ மோடில் (எல்லா செட்டிங்கையும் நாமே வைக்கிற முறை) ஷட்டரை ஒரு விநாடி திறந்து வையுங்கள். அப்புறம், சில மொபைல்கள் நிலா என்று கண்டுகொண்டதும் தாமாகவே மெருகேற்றிவிடும். படம் அழகாக இருக்கும், ஆனால் நீங்கள் பார்த்த நிலாதானா என்றால் சந்தேகம்தான்.

கேள்வி: என்னிடம் 70-300 மி.மீ. ஜூம் லென்ஸ் இருக்கிறது. என்ன செட்டிங் வைக்கலாம்? (வாசகி, கோவை)

பதில்: 300-இல் வைத்தாலும் சென்சாரில் நிலா 2.7 மி.மீ. அளவுதான் விழும், அதனால் படம் நிறைய நிலா வரும் என்று ஆசைப்படாதீர்கள். பளிச்சென்ற நிலாவுக்கு ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் திறன்) 100, எஃப் (லென்ஸ் திறப்பின் அளவு) 11, ஷட்டர் 1/100 விநாடி. முழு கிரகணத்துக்கு ஐஎஸ்ஓ 1600, எஃப் 5.6, ஒரு விநாடி. இங்கே தொடங்கி, படத்தைப் பார்த்துப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு விநாடியைத் தாண்டினால் நிலா நகர்ந்து கலங்கிவிடும், அதற்குப் பதில் ஐஎஸ்ஓவை ஏற்றலாம். ட்ரைபாடில் வைத்ததும் லென்ஸின் ஸ்டெபிலைசேஷனை (கை நடுக்கத்தைச் சரிசெய்கிற வசதி) அணைத்துவிட்டு, இரண்டு விநாடி டைமரில் எடுங்கள்.

ஃபோகஸை முன்கூட்டியே செய்வது முக்கியம். இருட்டிய நிலாவில் ஆட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும். நிலா பிரகாசமாக இருக்கும்போதே திரையில் பெரிதாக்கி, விளிம்பு கத்திபோல் வரும்வரை வளையத்தைத் திருப்பி, அதன் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். முழு கிரகணம் தொடங்குகிற, முடிகிற சில நிமிடங்களைத் தவறவிடாதீர்கள், அப்போது விளிம்பில் மெல்லிய நீலம் தெரியும். பூமியின் ஓசோன் படலம் சிவப்பை உறிஞ்சிவிட்டு அனுப்பும் ஒளி அது. எனக்கு நடு கிரகணத்தின் சிவப்பைவிட இதுதான் பிடிக்கும்.

கேள்வி: எல்லா முழு கிரகணமும் சிவப்பாகத்தான் இருக்குமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: இல்லை. நம் காற்று மண்டலத்தில் வளைந்து போகிற ஒளிதான் நிலாவில் விழுகிறது, காற்றில் என்ன கலந்திருக்கிறதோ அதைப் பொறுத்து நிறம். 1991-இல் பிலிப்பைன்ஸின் பினடூபோ எரிமலை வெடித்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் கிரகணத்தில் நிலா கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவுக்கு இருண்டது.

கேள்வி: அடுத்து எப்போது முழுசாகப் பார்க்கலாம்? வெறும் கண்ணால் பார்க்கலாமா? மருமகள் மாசமாக இருக்கிறாள், வெளியே வரலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: தாராளமாக வரலாம், அது பூமியின் நிழல்தானே அம்மா. கண்ணாடி, ஃபில்டர் எதுவும் வேண்டாம், அதெல்லாம் சூரிய கிரகணத்துக்கு. நம் ஊரில் ஆரம்பம் முதல் கடைசிவரை பார்க்க 2028 டிசம்பர் 31 இரவு வரை பொறுக்க வேண்டும். மார்கழிப் பௌர்ணமி, இரவு பத்தரை மணியையொட்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் முழு கிரகணம். நிலா அப்போது வெகு உயரத்தில் நிற்கும், கோபுரத்தோடு சேர்த்துப் படம் எடுக்க நினைத்தால் நடக்காது, மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு பார்ப்பதே சௌகரியம். அதே ஆண்டு ஜூலை 6 நள்ளிரவையொட்டி ஒரு பகுதி கிரகணமும் வருகிறது. மழை மேகம் விட்டால் கேமராக்காரர்கள் அன்றைக்கே ஒத்திகை பார்த்துக்கொள்ளலாம்.