கடலோர வானில் நெபுலா (விண்வெளியின் வாயு, தூசு மேகம்) படம் எடுப்பது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மொட்டை மாடியில் துருவ நட்சத்திரம் தெரியவே இல்லை. டிராக்கரை (வானின் சுழற்சிக்கு ஏற்ப கேமராவைத் திருப்பும் கருவி) எப்படி நேர்ப்படுத்துவது?
(லாஸ்பேட்டை)

டிராக்கரின் அச்சு துருவ நட்சத்திரத்தின் பக்கம் நோக்க வேண்டும். புதுவை, கடலூர் பகுதியில் அது அடிவானத்திலிருந்து 12 டிகிரிதான் ஏறி நிற்கும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஏறத்தாழ 10 டிகிரி. அதற்குக் கொஞ்சம் மேலே. பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்க் போதும் மறைக்க.

டிராக்கரின் அட்சரேகை அளவை 12-இல் வையுங்கள். காம்பஸால் வடக்கைப் பாருங்கள், ஆனால் இரும்புக் கைப்பிடிச் சுவரை விட்டுத் தள்ளி நின்று. பிறகு, ஓரியன் (வேட்டைக்காரன்) விண்மீன் கூட்டத்தின் இடுப்புப் பட்டை விண்மீன் ஒன்று தெற்கு வடக்குக் கோட்டைத் தாண்டும் நேரத்தில் அதைக் கேமராவின் படச் சட்டத்தின் நடுவில் வைத்து 5 நிமிடம் கவனியுங்கள். தெற்கே நகர்ந்தால் டிராக்கரின் அச்சு கிழக்கே அதிகம் திரும்பியிருக்கிறது. வடக்கே நகர்ந்தால் மேற்கே. அடுத்து, கிழக்கில் தாழ்வாக இருக்கும் விண்மீன் ஒன்று. அது தெற்கே நகர்ந்தால் அச்சு தாழ்வு, வடக்கே நகர்ந்தால் உயர்வு. மேற்கு கிழக்கான நகர்வைக் கண்டுகொள்ளாதீர்கள், அது வேறு பிழை. முதல் நாள் ஒரு மணி நேரம் பிடிக்கும். முக்காலியின் கால்கள் நின்ற இடத்தில் பெயின்ட் அடையாளம் போட்டுவிட்டால் மறுநாள் பத்து நிமிட வேலை.

இருபதே நிமிடத்தில் லென்ஸ் மங்கிவிடுகிறது.
(கடலூர் முதுநகர்)

இரண்டு காரணங்கள். ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் படியும்; கேமராவை ஜிப் பையில் மூடியபடியே அரை மணி வெளியில் வையுங்கள். அது தெளிந்த பிறகும் மங்கினால் பனி. கண்ணாடி வானத்தைப் பார்த்தபடி வெப்பத்தை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. லென்ஸின் முன்விளிம்பில் யூஎஸ்பி ஹீட்டர் பட்டை சுற்றுங்கள். 7 வாட் பட்டைக்கு 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் சுமார் 4 மணி நேரம் தாங்கும். பனி படிந்த பின் அல்ல, படியும் முன்பே போட வேண்டும். துணியால் துடைக்காதீர்கள்: கடற்காற்றின் உப்பு சேர்ந்து தேய்த்துக் கீறல் விடும்.

டிராக்கர் வாங்க வசதியில்லை. நெபுலா கிடைக்குமா?
(நெல்லிக்குப்பம்)

ஓரியன் நெபுலா கிடைக்கும். 50 எம்எம் லென்ஸ், எஃப்/2.8, ஐஎஸ்ஓ 1600, 6 நொடி. 300 படம் எடுத்தால் அரை மணி நேர வெளிச்சம். பழைய '500 விதி' (500-ஐ லென்ஸின் எம்எம் அளவால் வகுப்பது) 10 நொடி என்று சொல்லும், இன்றைய கேமராக்களில் அது விண்மீனைக் கோடாக்கிவிடும். முடிந்ததும் லென்ஸ் மூடியைப் போட்டு அதே ஐஎஸ்ஓ, அதே நொடியில் 30 டார்க் படங்கள் (சென்சாரின் இரைச்சலைக் கழிக்க உதவும் இருட்டுப் படங்கள்). அவற்றை அங்கேயே, அதே சூட்டில் எடுங்கள். வீட்டுக்கு வந்து எடுத்த டார்க் பொருந்தாது. எல்லாப் படங்களையும் ஒன்றாகச் சேர்த்து அடுக்க சிரில் என்ற மென்பொருள் இலவசம்.

நெபுலா படத்தில் சிவப்பே வரவில்லையே?
(வில்லியனூர்)

அந்தச் சிவப்பு, ஹைட்ரஜன் வாயு வெளிவிடும் ஹைட்ரஜன் ஆல்ஃபா ஒளி; அதன் அலைநீளம் 656.3 நானோமீட்டர். சாதாரண கேமராவின் உள்ஃபில்டர் அதில் பெரும்பகுதியை வெட்டிவிடும். ஃபில்டர் நீக்கிய கேமராவுடன் இரட்டைக் குறுகிய பட்டை ஃபில்டர் (இரண்டு குறுகிய அலைநீளப் பட்டைகளை மட்டும் விடுவது) போட்டால் நகர எல்இடி வெளிச்சமும் பெருமளவு அடங்கும். கார்த்திகைக் கூட்டம் போன்ற, ஒளியைத் திருப்பி அனுப்பும் நீல நெபுலாக்களுக்கு இந்த ஃபில்டர் வீண் செலவு.

நம் பகுதிக்கென்று சிறப்பான இலக்கு உண்டா?
(பாகூர்)

கரீனா நெபுலா. வட ஐரோப்பியர்களின் வானில் எழாதது, நமக்குத் தெற்கில் 18 டிகிரி வரை வரும். மார்ச் நடுவில் இரவு 11:30 வாக்கில் உச்சம். ஏப்ரல் நடுவில் 9:30. அந்த உயரத்தில் தலைக்கு நேர் மேலே இருப்பதைவிட மூன்று மடங்கு காற்றைக் கடந்து ஒளி வருகிறது, ஆகவே உச்சத்துக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் மட்டுமே எடுங்கள். புதுவையிலிருந்து தெற்கு என்றால் கடலூர் விளக்குகள்தாம். சிப்காட் தொழிற்பேட்டையைத் தாண்டிப் பரங்கிப்பேட்டை பக்கம் போய்விடுவது உத்தமம். வடகிழக்குப் பருவமழையில் ஓரியனைத் தவறவிட்டவர்களுக்கு இது ஆறுதல் பரிசு. என் கணக்கில் முதல் பரிசே இதுதான்.

புகைப்படப் போட்டிக்குப் படம் அனுப்பும்போது என்ன கவனிக்க வேண்டும்?
(திருப்பாதிரிப்புலியூர்)

வானத்தைத் தார் போல் கறுப்பாக்காதீர்கள். மெல்லிய தூசுப்படலம் அதில்தான் இருக்கிறது. மூலைகளில் விண்மீன் நீண்டிருந்தால் வெட்டிச் சட்டத்தைச் சிறிதாக்குங்கள். மூலக் கோப்புகளை அழிக்காதீர்கள், கேட்பார்கள்.