அக்காவிடம் ஏன் சொல்லவில்லை?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆசைப்பட்டு எடுத்த பாடம்தான். இப்போது எதுவுமே மண்டையில் ஏறுவதில்லை. 14-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரைப் படித்தால் இது ஆங்கிலம்தானா என்று சந்தேகம் வருகிறது. ஷேக்ஸ்பியருக்கு நோட்ஸ்தான் கதி. வகுப்பில் மற்றவர்கள் ஃபூக்கோ, தெரிதா என்று பிரெஞ்சுக் கோட்பாட்டாளர்களைப் பற்றிச் சரளமாகப் பேசுகிறார்கள், நான் வாயே திறப்பதில்லை. மதிப்பெண் இறங்கிக்கொண்டே போகிறது. இதைப் படித்தால் வேலை கிடைக்குமா என்ற பயம் வேறு. அக்காதான் வேலைக்குப் போய் ஃபீஸ் கட்டுகிறாள். ராத்திரி வந்ததும் "இன்னிக்கு என்ன படிச்சே?" என்று கேட்பாள். அவளுக்கு இதெல்லாம் புரியாது என்பதால் ஏதோ சொல்லிச் சமாளித்துவிடுவேன். அடுத்த ஆண்டு வேறு துறைக்கு மாறிவிடலாமா? எனக்கு உண்மையிலேயே இலக்கியம் வருமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உன் வயதுக்கு 'நீ' என்றே எழுதுகிறேன். இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை. ஆசைப்பட்டு எடுத்த பாடம் இரண்டாம் ஆண்டில் கசந்துபோவது எல்லாத் துறையிலும் நடக்கிறது. "கவலைப்படாதே, உன்னால் முடியும்" என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பாய். உனக்கு இலக்கியம் வருமா என்று இந்தக் கடிதத்தை வைத்து எப்படிச் சொல்வது? நீ ஒரு நாடகத்தைக்கூட முழுதாகப் படித்ததாக இதில் இல்லையே.

என்னை நிறுத்திய வரி, போகிற போக்கில் அக்காவைப் பற்றி நீ எழுதியதுதான். நாள் முழுக்க உழைத்துவிட்டு வருகிறவள் உன்னிடம் மார்க் எவ்வளவு என்று கேட்கவில்லை. எப்போது வேலைக்குப் போவாய் என்றும் கேட்கவில்லை. என்ன படித்தாய் என்று கேட்கிறாள், அதுவும் தினமும். பணம் கொடுக்கிற எத்தனையோ பேர் கேட்காத கேள்வி இது. அவள் படிக்க விரும்பிப் படிக்க முடியாமல் போன எதையோ உன் வழியாகத் தொட்டுப் பார்க்க நினைக்கிறாள் என்றுதான் எனக்குப் படுகிறது. நீயோ 'அவளுக்குப் புரியாது' என்று கதவைச் சாத்திவிடுகிறாய். படித்ததைக்கூட அவளோடு பகிர்ந்துகொள்ள மாட்டேன் என்பது நன்றிகெட்டதனம். இதைவிட மென்மையான சொல் என்னிடம் இல்லை.

அவளுக்குப் புரியாது என்று எப்படிக் கண்டுபிடித்தாய்? ஒரு நாளாவது சொல்லிப் பார்த்தாயா? சொல்லியிருக்க மாட்டாய். நோட்ஸில் மனப்பாடம் செய்ததை யாருக்கும் சொல்ல முடியாது. ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடகத்துக்கு 'கருப்பொருள், பாத்திரப் படைப்பு, துணைக்கதையின் பங்கு' என்று பரீட்சைத் தாளில் எழுதலாமே தவிர, களைத்து வந்து உட்கார்ந்திருப்பவளிடம் அதையா பேசுவாய்? அக்காவிடம் சொல்ல உன்னிடம் ஒன்றுமில்லை. அந்தக் குறையை அவள் தலையில் சுமத்தியிருக்கிறாய்.

1599-இல் லண்டனில் எழுந்த குளோப் அரங்கில் ஒரு பென்னி கொடுத்தவர்கள் திறந்த முற்றத்தில் நின்றபடி ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பார்த்தார்கள். அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நீ படிக்கும் இந்தத் துறையே எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறாய்? ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில இலக்கியத்துக்கென்று தனிப் படிப்பு 1894-இல்தான் வந்தது. அதுவரை அங்கே லத்தீனும் கிரேக்கமும்தான் பெரிய படிப்பு. அதற்கு முன்பே தொழிலாளர்களுக்கான மாலை வகுப்புகளிலும் பெண்களுக்கான வகுப்புகளிலும் ஆங்கில இலக்கியத்தைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வேலை முடிந்து வந்து உட்கார்ந்தவர்கள் வளர்த்த பாடம் இது. உன் அக்காவுக்கு இதில் உன்னைவிட உரிமை அதிகம்.

சரி, இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இன்றைக்கே லியரை எடு. நோட்ஸை மூடிவிட்டு முதல் அங்கம், முதல் காட்சியை வாய்விட்டுப் படி. புரியாத சொல்லுக்கு அடிக்குறிப்பைப் பார், தப்பில்லை. அக்கா வந்ததும் சொல். கிழவர் ஒருவர் ராஜ்ஜியத்தை மூன்று மகள்களுக்குப் பிரிக்கப் போகிறார். யாருக்கு என் மேல் அன்பு அதிகம் என்று சபையில் வைத்துக் கேட்கிறார். மூத்தவள் கானரிலும் அடுத்தவள் ரீகனும் வானளாவப் புகழ்கிறார்கள். கடைசி மகள் கார்டீலியா, கடமைப்பட்ட அளவுக்கு நேசிக்கிறேன், கூடவும் இல்லை குறையவும் இல்லை, கல்யாணம் ஆனால் பாதி அன்பு கணவனுக்குப் போகும் என்கிறாள். அப்பா அவளைத் துரத்திவிடுகிறார். இதுவரை சொல்லிவிட்டு, அவள் அப்படிப் பேசியது சரியா என்று அக்காவிடம் கேள். உண்மையைச் சொன்னாள் என்று எல்லோரும் அவளைக் கொண்டாடுவார்கள். பெற்றவரிடம் உண்மையைக் கொஞ்சம் இதமாகச் சொல்லியிருக்கலாம் என்பது என் கட்சி. உன் அக்கா என்ன சொல்வாள் என்று கேட்க எனக்கே ஆசையாக இருக்கிறது.

அப்புறம் அந்த 100 வீரர்கள். ராஜ்ஜியத்தைக் கொடுத்த பிறகும் 100 பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு மாதம் ஒரு மகள் வீடு, அடுத்த மாதம் அடுத்த மகள் வீடு என்று இருப்பது லியரின் ஏற்பாடு. கானரில் அதை 50 ஆகக் குறைக்கச் சொல்கிறாள், ரீகன் 25 போதும் என்கிறாள், கடைசியில் ஒருவர்கூட எதற்கு என்கிறார்கள். நோட்ஸில் இந்த இடத்துக்குப் 'பெற்றோரை மதிக்காத மகள்கள்' என்று ஒரு வரி இருக்கும். அவர்கள் பின்னால் செய்வதெல்லாம் கொடுமைதான், சந்தேகமில்லை. ஆனால் வீட்டுச் செலவைத் தோளில் தாங்குகிற ஒருத்தி, 100 பேர் தங்கிச் சாப்பிட்டு ரகளை செய்யும் வீட்டைப் பற்றிக் கேட்டதும் கானரிலுக்காக ஒரு நிமிடமாவது பேசுவாள். 1962-இல் பீட்டர் புரூக் இந்த நாடகத்தை இயக்கியபோது, அந்த வீரர்கள் மேடையில் நிஜமாகவே வீட்டை நாசம் செய்யும்படி காட்டினார். புகழ்பெற்ற ஓர் இயக்குநர் கண்ட கோணத்தை உன் அக்கா தன் அனுபவத்திலிருந்து எடுத்துச் சொல்லிவிடக்கூடும். அதைக் கேட்டுவிட்டு நாடகத்துக்குத் திரும்பிப் போய், கானரில் பேசும் வரிகளை மறுபடி படித்து, அவள் பக்கம் நியாயம் எங்கே முடிகிறது என்று தேடு. அதைக் கட்டுரையாக எழுது. இலக்கியம் படிப்பது என்று நான் இதைத்தான் சொல்வேன்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். சாசர் எழுதி 600 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது, அந்த ஆங்கிலம் யாருக்கும் முதல் நாளே புரியாது. ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டே வரி வரியாகப் படித்தால் பிடிபடும். தெரிதா காத்திருக்கட்டும், மூலத்தைப் படிக்காமல் கோட்பாடு பேசுகிறவர்களைப் பார்த்து நீ கூனிக்குறுக வேண்டியதில்லை. வேலையைக் கேட்டாய். ஆசிரியர் பணி, பதிப்புத் துறை, மொழிபெயர்ப்பு, விளம்பரம் என்று வழிகள் இருக்கின்றன, ஆனால் படித்ததைத் தெளிவாக எழுதத் தெரிந்திருக்க வேண்டும். நோட்ஸிலிருந்து அது வராது.

துறை மாறலாமா என்று என்னிடம் கேட்கிறாய். ஃபீஸ் கட்டுகிறவளிடம் கேட்டதாகக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. முடிவை எடுத்துவிட்டு அவளுக்குத் தகவல் சொல்லலாம் என்று நினைத்திருந்தால் அது பெரிய தப்பு. லியரில் ஐந்து அங்கங்கள். ராத்திரிக்கு ஒரு காட்சி என்று படித்து அவளிடம் சொன்னால் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். முடிவு கனமானது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார்டீலியாவின் சாவைத் தாங்க முடியாமல் பல ஆண்டுகள் அந்தக் கடைசிக் காட்சிகளைத் திரும்பப் படிக்கவே இல்லை என்று 18-ஆம் நூற்றாண்டின் பெரிய விமர்சகர் சாமுவேல் ஜான்சனே எழுதியிருக்கிறார். அதையும் இரண்டு பேருமாகப் படித்து முடியுங்கள். அதன் பிறகும் மாறத்தான் வேண்டும் என்று தோன்றினால், காரணத்தை அவளிடம் சொல்லி, அவள் பதிலைக் கேட்டுவிட்டு விண்ணப்பத்தை நிரப்பு. அடுத்த ஆண்டு எதற்காகப் பணம் கட்டுகிறோம் என்று தெரிந்தே அவள் கட்டட்டும்.